கடவுச்சீட்டா பாடம் நடத்துகிறது?



சென்ற மாதம் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவர். ஆறு ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தவர். சவூதி அரேபியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆயத்த ஆண்டுப் பிரிவில் ஆங்கில ஆசிரியர் பணி கிடைத்திருப்பதாகவும், இரண்டு மாதங்களில் புறப்பட வேண்டும் என்றும் சொன்னார். “காக்கா, அங்கே போய் ஊன்றிக்கொள்ள என்னவெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்?” என்று கேட்டார். அவருடைய வீட்டார் ஏற்கெனவே ஒரு பட்டியல் எழுதியிருந்தார்கள். மசாலாத் தூள், ஊறுகாய், கருவாடு, குக்கர், குளிரூட்டிய அறைக்கு ஒரு கனத்த போர்வை.

அந்தப் பட்டியலில் எனக்கு மறுப்பேதும் இல்லை. கருவாட்டின் அருமை கடல் தாண்டியவனுக்குத்தான் தெரியும். ஆயினும் 2013 முதல் 2022 வரை ஒன்பது ஆண்டுகள் அதே நாட்டில் அதே பணியைச் செய்து திரும்பியவன் என்ற முறையில், அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவது என் கடமை என்று கருதுகிறேன். ஆங்கிலம் கற்பிக்கும் தகுதியை ஆசிரியரின் அறிவைக் கொண்டு அளக்காமல், அவருடைய கடவுச்சீட்டைக் கொண்டு அளக்கும் வழக்கம் ஓர் அநீதி. அந்த அநீதியை வாய்மூடி ஏற்றுக்கொள்வதையே ‘வெளிநாட்டில் ஊன்றிக்கொள்வது’ என்று நாம் பெயரிட்டு அழைப்பது அதைவிடப் பெரிய அவலம்.

நான் போய்ச் சேர்ந்தபோது வார விடுமுறை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. புறப்படும் முன் என் பட்டச் சான்றிதழ்கள் எத்தனை மேசைகளைக் கடந்தன என்பதை இன்றும் மறக்கவில்லை. மாநில அரசு சரிபார்த்தது. வெளியுறவு அமைச்சகம் முத்திரையிட்டது. தூதரகம் சான்றளித்தது. மருத்துவச் சோதனையும் முடிந்தது. இத்தனை முத்திரைகளுக்குப் பிறகு என் பட்டம் எனக்காகப் பேசும் என்று நம்பினேன். பேசியது பட்டமன்று, அதனுடன் வைத்திருந்த நீல அட்டை போட்ட கடவுச்சீட்டுதான்.

ஆசிரியர் அறையில் என் மேசைக்கு அடுத்த மேசையில் மேலைநாட்டுச் சகோதரர் ஒருவர் அமர்ந்திருந்தார். நல்ல மனிதர். அவர் படித்தது வணிக நிர்வாகம். நான்கு வாரப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றை முடித்து முதன்முறையாக ஆசிரியர் வேலைக்கு வந்திருந்தார். எனக்கோ அப்போது பதினொரு ஆண்டு அனுபவம். இருவருக்கும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு, வாரத்துக்கு ஒரே எண்ணிக்கையிலான வகுப்புகள். முதல் மாதம் முழுவதும் அவர் மாலையில் என்னிடம் வந்து, மறுநாள் இலக்கணப் பாடத்தை எப்படி நடத்துவது என்று கேட்டுக்கொண்டு போவார். ஊதிய நாளில் அவர் கைக்கு வந்தது என் ஊதியத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இதை எனக்குச் சொன்னவரும் அவரேதான். தன் ஒப்பந்தத்தை விரித்துக் காட்டி, “இது நியாயமில்லை” என்று வெட்கத்தோடு சொன்னார். ஆகவே என் வழக்கு அவர்மீது அன்று. அவரையும் என்னையும் இரண்டு தட்டில் வைத்த தராசின்மீது.

நிர்வாகத்திடம் கேட்டேன். “அவர் தாய்மொழியாளர், நீங்கள் அல்லர்” என்பதே பதில். என் வகுப்பை எவரும் வந்து பார்க்கவில்லை. என் மாணவர்களின் மதிப்பெண்களை எவரும் புரட்டவில்லை.

வெளிநாடுகளில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு வரும் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுப் பெயர்கள் மந்திரம் போல் திரும்பத் திரும்ப வரும். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்கான இ-2 விசாவின் பொதுவிதியும் இதே ஏழு நாட்டவரையே முன்னிறுத்துகிறது. இந்தப் பட்டியலின் உட்பொருளைச் சற்றே ஆராய்வோம். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. வீட்டில் ஸூலு மொழியோ ஆப்பிரிக்கான்ஸ் மொழியோ பேசி வளர்ந்து, பள்ளியில் ஆங்கிலம் கற்றவர்களே அங்கே மிகுதி. அவர்களுக்கு வேலை கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வீட்டில் வேறு மொழி பேசிப் பள்ளியில் ஆங்கிலம் கற்றவர் அங்கே ‘தாய்மொழியாளர்’ என்றால், அதே வழியில் கற்ற தஞ்சாவூர்க்காரர் மட்டும் ஏன் அயலார்? அப்படியானால் அளக்கப்படுவது தாய்மொழி அன்று என்பது வெளிப்படை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே அம்மொழியின் சிறந்த ஆசிரியர் என்ற கருத்து அங்கே வேரூன்றியது என்று, ராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட ‘மொழி ஏகாதிபத்தியம்’ என்ற ஆங்கில நூலில் விளக்கி, அதை ஒரு போலிக் கொள்கை என்றே பெயரிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து சென்று அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கும் சுரேஷ் கனகராஜா என்ற தமிழர், 1999இல் வெளிவந்த தம் நூலில் இந்த ஆதிக்கத்தை வகுப்பறைகள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை எடுத்துரைத்தார். உலக ஆங்கில ஆசிரியர்களின் பெரும் சங்கங்களுள் ஒன்றான டெசோல், இத்தகைய பாகுபாட்டைக் கண்டித்து 2006இல் நிலைப்பாட்டு அறிக்கையே வெளியிட்டது. அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள், ஆசிரியர் சங்கம் சொல்லிவிட்டது. சம்பளப் பட்டியலின் காதில் மட்டும் அது ஏறவில்லை.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. அவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம்.

‘உச்சரிப்பு’ என்பார்கள். யாருடைய உச்சரிப்பு? கிளாஸ்கோ நகரத்தவரின் ஆங்கிலமும் டெக்சாஸ்காரரின் ஆங்கிலமும் ஒன்றா? என் மாணவர்கள் பட்டம் பெற்ற பிறகு ஆங்கிலத்தில் யாரோடு பேசப்போகிறார்கள்? மருத்துவமனையில் பிலிப்பைன்ஸ் செவிலியரோடு, கட்டுமான இடத்தில் பாகிஸ்தான் பொறியாளரோடு, துறைமுகத்தில் கொரிய வணிகரோடு. லண்டன் மாநகரின் ஒலியை மட்டுமே கேட்டுப் பழகிய காது அங்கே தடுமாறும்.

‘தாய்மொழியாளருக்கு மொழி இயல்பாகவே தெரியும்’ என்பார்கள். பேசத் தெரியும் என்பது உண்மை. கற்பிக்கத் தெரியுமா? நம் ஊர்த் தெருவில் போகும் எவரையும் நிறுத்தி, தமிழில் வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று கேட்டுப் பாருங்கள். பிறந்தது முதல் தமிழே பேசுபவர்தான், ஆனாலும் விழிப்பார். தெரிந்திருப்பது வேறு, தெரியாதவனுக்கு விளக்குவது வேறு. விளக்கும் ஆற்றல் கற்றவனுக்கே வாய்க்கும்; தானும் ஒருநாள் அதே இடத்தில் இடறியவனுக்கு இன்னும் நன்றாக வாய்க்கும்.

என் வகுப்பறையிலிருந்தே சான்று தருகிறேன். ‘அவர் ஆசிரியர்’ என்பதை அரபியில் ‘ஹுவ முதர்ரிஸ்’ என்பார்கள். இரண்டே சொற்கள், நடுவில் வினைச்சொல் இல்லை. தமிழிலும் அப்படியே. ஆங்கிலத்திலோ இடையில் ‘இஸ்’ என்ற சொல் வந்தாக வேண்டும். ஆகவே அரபு மாணவர் அதை விட்டுவிட்டு எழுதுவார். பக்கத்து மேசைச் சகோதரருக்கு அந்தப் பிழை புதிராக இருந்தது. மாணவர்களின் கவனக்குறைவு என்றே எண்ணியிருந்தார். எனக்குப் புதிராக இல்லை. ஆறாம் வகுப்பில் அதே பிழைக்காகப் பிரம்படி வாங்கிய கை இது. கரும்பலகையில் அரபு வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் அடுத்தடுத்து எழுதி, இல்லாத சொல்லுக்குரிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து காட்டினேன். ஒரு வாரத்தில் பெரும்பாலான மாணவர்கள் திருந்தினார்கள்.

ஒலியும் அவ்வாறே. அரபு எழுத்தில் ‘பா’ என்ற ஒரே எழுத்துதான் உண்டு. அது ‘பாய்’ என்பதில் வரும் மென்மையான ஒலி அன்று, ‘பாக்கியம்’ என்பதில் வரும் அழுத்தமான ஒலி. மற்றொன்று அவர்கள் மொழியில் இல்லை. தமிழர் நாமோ இரண்டு ஒலிகளையும் ஒரே எழுத்தால் எழுதிப் பழகியவர்கள். இரண்டையும் பிரித்தறிய நம் காதையும் உதட்டையும் பழக்கியவர்கள். உதட்டின் முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து, அது எந்த ஒலிக்கு அசைகிறது, எதற்கு அசையவில்லை என்று பார்க்கும் சிறு பயிற்சியை நான் என் ஆசிரியரிடம் கற்றேன். என் மாணவர்களுக்குக் கொடுத்தேன். பிறப்பால் அந்த ஒலி வாய்க்கப்பெற்றவருக்கு இந்தத் தாளின் தேவை எப்போதும் நேர்ந்திருக்காது.

‘மாணவர்கள் கேட்கிறார்கள், சந்தை கேட்கிறது’ என்பது கடைசி வாதம். சந்தை கேட்பதெல்லாம் நியாயமாகிவிடும் என்றால், அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைப் பற்றி நம் மார்க்கம் அத்தனை கடுமையாக எச்சரித்திருக்க வேண்டியதில்லை.

அரபியருக்கும் அரபியல்லாதாருக்கும் இடையே இறையச்சத்தால் அன்றி ஏற்றத்தாழ்வு இல்லை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் அறிவித்தது அந்த மண்ணில்தான். அந்த அறிவிப்பை முஸ்லிம் சமுதாயம் அறிவுத் துறையில் வாழ்ந்தும் காட்டியது. அரபு இலக்கணத்தின் தலையாய நூலான ‘அல் கிதாப்’பை இயற்றிய சீபவைஹி யார்? பாரசீகர். பஸ்ராவில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லின் வேற்றுமையில் பிழை செய்து திருத்தப்பட்டார் என்றும், அந்த வெட்கமே அவரை இலக்கணத்தின் பக்கம் திருப்பியது என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்வர். அன்று பஸ்ராவில் ‘தாய்மொழியாளர் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்று எவரேனும் எழுதி ஒட்டியிருந்தால், அரபு இலக்கணம் தன் இமாமை இழந்திருக்கும். நம் தமிழையே பாருங்கள். ‘சதுரகராதி’யைத் தொகுத்துத் தமிழ் அகராதிக் கலைக்கு வழி திறந்த வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். அவரை நாம் அயலார் என்று தள்ளினோமா? மொழி, அதை உழைத்துக் கற்றவனுக்கும் உரியது. இதை அரபியரும் அறிவர், தமிழரும் அறிவர். ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

இது வெறும் மானப் பிரச்சினை என்று எண்ணிவிடாதீர்கள். குடும்பத்தைப் பிரிக்கும் பிரச்சினை இது. 2017 சூலை முதல் சவூதி அரேபியாவில் வெளிநாட்டு ஊழியரின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. அது ஆண்டுதோறும் நூறு நூறாக ஏறி, 2020 சூலையில் 400 ரியால் ஆனது. இடையில் 2018இல் 5 விழுக்காடாக வந்த மதிப்புக் கூட்டு வரி 2020இல் 15 விழுக்காடாயிற்று. மனைவியும் இரு பிள்ளைகளும் என்றால் 2019இல் ஆண்டுக்கு 10,800 ரியால். அடுத்த ஆண்டு 14,400 ரியால். பக்கத்து மேசைச் சகோதரரின் ஒப்பந்தத்தில் அந்தக் கட்டணத்தை நிறுவனமே ஏற்றது. என் ஒப்பந்தத்தில் அந்த வரியே இல்லை. 2019 கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்த என் மனைவியும் பிள்ளைகளும் மீண்டும் என்னோடு வரவில்லை. இளையவனுக்கு அப்போது ஐந்து வயது. அடுத்த மூன்று ஆண்டுகள் அவன் ஓதியதையும் படித்ததையும் கைப்பேசித் திரையில்தான் கேட்டேன். ஒரே கூரையின்கீழ் ஒரே பாடத்தை நடத்திய இருவரில் ஒருவர் மாலையில் பிள்ளைகளோடு உணவருந்தினார்; மற்றவர் அறைக்குத் திரும்பித் தனியே குக்கரைத் திறந்தார். இரண்டுக்கும் இடையே நின்றது திறமையா? கடவுச்சீட்டு.

சகோதரர்களே, இதுவரை மற்றவர்களைக் குறைசொன்னேன். இனி நம் முகத்தையும் கண்ணாடியில் பார்ப்போம்.

முதலாவது, நாம் கேட்பதில்லை. ஒப்பந்தத்தை முழுவதும் படிக்காமலே கையெழுத்திடுகிறோம். பணி அனுமதி, இகாமா, அவற்றைப் புதுப்பித்தல் ஆகியவற்றின் செலவும், பணி முடிந்து ஊர் திரும்பும் பயணச்சீட்டும் முதலாளியின் பொறுப்பு என்று சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தம் முறையாக நிறைவுறும்போது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாத ஊதியமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாத ஊதியமும் பணிக்கொடையாக உண்டு. கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தம், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஓராண்டுக்குப் பின் வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழி செய்தது. அந்நாட்டுச் சட்டமே நமக்குத் தந்திருப்பதை நாம் கேட்காமல் விட்டுவிட்டு, ‘நஸீபு அவ்வளவுதான்’ என்று பெருமூச்சு விடுகிறோம். பொறுமை வேறு, சோம்பல் வேறு. உரிமையைக் கேட்டபின் வரும் துன்பத்தைத் தாங்குவதே பொறுமை.

இரண்டாவது, நாம் நம்மையே மறைக்கிறோம். எந்த ஊர் என்று மாணவர் கேட்டால் மழுப்புகிற ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். திரைப்படம் பார்த்துப் பழகிய ஓர் இரவல் உச்சரிப்பை வகுப்புக்குள் அணிந்துகொண்டு, வெளியே வந்ததும் கழற்றி வைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். நம் ஆங்கிலத்தை நாமே போலி என்று கருதினால், மற்றவர் அசல் விலை தருவாரா?

மூன்றாவது, அந்த மண்ணின் மொழியை நாம் மதிப்பதில்லை. பத்தாண்டுகள் வாழ்ந்தும், ‘முஷ்கில்’, ‘குல்லு தமாம்’ என்ற இரண்டு தொடர்களுக்கு மேல் அரபி பேச இயலாத ஆங்கில ஆசிரியர்கள் நம்மில் உண்டு. பிள்ளைப் பருவம் முதல் அரபு எழுத்துகளை ஓதியவர்கள் இவர்கள்! தமிழர் விடுதி, தமிழர் கடை, தமிழர் வாட்ஸ்அப் குழு என்று வட்டமிட்டுக்கொண்டு, ‘இவர்கள் நம்மை மதிப்பதில்லை’ என்று குறைப்படுகிறோம். நான் அண்டை வீட்டு முதியவரிடம் மஃக்ரிப் தொழுகைக்குப் பின் நாள்தோறும் கால் மணி நேரம் அரபி பேசிப் பழகினேன். ஒரு தமிழன் ஆங்கிலத்தை அவர் பேரனுக்குக் கற்பிக்க, அவர் அரபியை அத்தமிழனுக்குக் கற்பித்தார். அந்த நாட்டில் நான் ஊன்றிய நாள் இகாமா வந்த நாளன்று. அவர் என் பிழையைத் திருத்திச் சிரித்த நாள்.

நான்காவது, இதே தராசை நாம் நம் ஊரிலும் வைத்திருக்கிறோம். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளில் நேர்காணலுக்கு வரும் ஆசிரியை கிராமத்தில் தமிழ்வழியில் படித்தவர் என்றால், ‘பேச்சில் ஸ்டைல் இல்லை’ என்று எத்தனை நிர்வாகிகள் ஒதுக்கியிருக்கிறார்கள்? பல்கலைக்கழக வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் வங்கதேசச் சகோதரரின் ஸலாமுக்கு எத்தனை ஆசிரியர்கள் நின்று பதில் சொல்கிறோம்? மேலே இருப்பவர் நமக்குச் செய்வதை, கீழே இருப்பவருக்கு நாம் செய்துகொண்டே நீதி கேட்டால் அந்தக் குரலுக்கு வலிமை இராது.

ஆகவே அந்த இளைஞருக்கு நான் சொன்னவை இவைதாம். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். குடும்பத்தினருக்கான கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வீட்டு வாடகை ஆகியவற்றை யார் ஏற்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஊதிய விகிதம் தகுதியால் வகுக்கப்படுகிறதா, நாட்டால் வகுக்கப்படுகிறதா என்பதையும் தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். போன பின், உங்கள் வகுப்பை வந்து பார்க்குமாறு நிர்வாகத்தை நீங்களே அழையுங்கள். ஊரின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே அரபி பேச ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். கேட்பதால் வேலை போய்விடுமோ என்று அஞ்சினால், ரிஸ்க் அளிப்பவன் யார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அவர் தம் ஒப்பந்தத்தை என் முன்னால் விரித்தார். பதவிக்குக் கீழே ‘இரண்டாம் பிரிவு ஆசிரியர்’ என்றிருந்தது. எதனால் இரண்டாம் பிரிவு என்ற விளக்கம் எந்தப் பக்கத்திலும் இல்லை. அன்றிரவே இருவரும் அமர்ந்து, பணிவான, பிழையற்ற ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினோம். ஒரே ஒரு கேள்விதான் அதில் இருந்தது. இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. அவர் வீட்டில் கருவாடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர் இன்னும் கையெழுத்திடவில்லை.

உழைப்பவனின் உரிமையை உணர்ந்து வழங்கும் மனத்தை வழங்குபவர்களுக்கும், அதை அஞ்சாமல் கேட்கும் துணிவை உழைப்பவர்களுக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.